புள்ளிராஜாவுக்கு இப்போது ஐம்பது வயது

*எச்.ஐ.வி.யை மாத்திரையால் அடக்கி வாழ்கிறவர்களை ரத்தக்குழாய் வழியாக வந்து சாய்க்கிறது பக்கவாதம். எண்ணூரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பஸ் ஏறியவர்களுக்கு அந்த விளம்பரப் பலகை நினைவிருக்கும். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' பார்த்தவர்கள் பேசினார்கள், பயந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டால், அப்புறம்?

அன்றைக்கு அதற்குப் பதில், 'சில வருடங்களில் எல்லாம் முடிந்துவிடும்' என்பதுதான். இன்று பதில் நீளமானது. அன்று இருபத்தெட்டு வயதில் இருந்தவருக்கு இப்போது ஐம்பது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போடுகிறார். ரத்தத்தில் வைரஸ் கண்ணில் படாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்.

புள்ளிராஜா என்று ஒருவர் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டுகிற, மணலியில் மூட்டை இறக்குகிற, காசிமேட்டில் வலை இழுக்கிற பலருடைய வாழ்க்கைக்கு அந்தப் பெயரை இங்கே பொதுவாக எடுத்துக்கொள்கிறேன். அவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களை இன்று அச்சுறுத்துவது எய்ட்ஸ் மட்டுமல்ல. ரத்தக்குழாய்.

அதிகாலை நாலரை மணி

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர் கேபினிலேயே படுத்திருந்து எழுந்து, டீ டம்ளரை வாங்குகிறார். டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. குனிந்து எடுக்கப் பார்த்தால் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இன்னாண்ணே, வாய் ஒரு பக்கமா இஸ்துக்கினு போவுது?" என்கிறான் கிளீனர் பையன்.

பதில் சொல்ல நினைக்கிறார். சொல் வரவில்லை. மூளையின் இடப்பக்கம் ரத்தம் நின்றுபோனால் பலருக்கு வலக்கையோடு பேச்சும் போய்விடும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தூக்கக் கலக்கம் என்பார் ஒருவர். ராத்திரி குடித்தது இறங்கவில்லை என்பார் இன்னொருவர். காத்துக் கருப்பு என்று ஒரு குரல். வாதம் அடித்த கைக்குப் புறா ரத்தம் தேய்க்கச் சொல்லும் ஆளும் எங்கேயோ இருப்பார். மணி ஆறாகும், ஏழாகும். ரத்தம் போகாத மூளைப் பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துக்கொண்டிருக்கும்.

இவரிடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தினமும் போடும் மாத்திரை என்னவென்று கிளீனருக்குத் தெரியாது. லாரி முதலாளிக்குத் தெரியாது. வீட்டிலேயே ஒருவேளை யாருக்கும் தெரியாது. டப்பாவின் லேபிளை வாங்கிய அன்றே கிழித்துவிட்டார். இருபது வருடம் காப்பாற்றிய ரகசியத்தைச் சொல்ல வேண்டிய நேரத்தில் பேச்சு போய்விட்டது.

சென்னையில் தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். 'இங்கெல்லாம் அந்த நோய் வராது' என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. 1993-ல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். வேறு மருத்துவமனைகள் கைவிட்டவர்களைத் தாம்பரம் சானடோரியம் ஏற்றுக்கொண்டது.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்துகளை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரமும் ஒன்று. பிறகு, ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தச் சிகிச்சைக்கான மையங்கள் பெருகின. வடசென்னைக்காரர்கள் இன்னமும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் ஸ்டான்லியிலும் ஒன்று வந்தது. 2017-ல் விதி மாறியது. நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், எச்.ஐ.வி. உறுதியான உடனேயே மருந்து. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டின்படி நாட்டில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள், கடக்கப் போகிறவர்கள்.

சாக வேண்டியவர்கள் என்று ஊர் எழுதிவைத்தவர்கள் வயதாகிறார்கள். இதைவிடப் பெரிய வெற்றி நம் பொது மருத்துவத்தில் அதிகமில்லை. அந்த வெற்றியைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நீறு பூத்த நெருப்பு

வைரஸ்தான் அடங்கிவிட்டதே, பிறகு ரத்தக்குழாய்க்கு என்ன ஆபத்து?

'நீறு பூத்த நெருப்பு' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மேலே சாம்பல், உள்ளே கனல். மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. சில செல்களுக்குள் பதுங்கியிருப்பதை அதனால் துரத்த முடிவதில்லை. எச்.ஐ.வி. உடலுக்குள் வந்த சில வாரங்களிலேயே குடல் சுவரின் காவல் செல்களை அழிக்கிறது. அந்தச் சேதம் முழுதாக ஆறுவதில்லை. குடல் கிருமிகளின் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் ஓய்வில்லாமல் விழித்தே இருக்கிறது. மருத்துவர்கள் இதை நாள்பட்ட அழற்சி என்கிறார்கள்.

அந்தக் கனல் முதலில் சுடுவது ரத்தக்குழாயின் உட்சுவரை. வழவழப்பாக இருக்க வேண்டிய சுவர் சொரசொரப்பாகிறது. அதில் கொழுப்பு படிகிறது, வெள்ளை அணுக்கள் ஒட்டுகின்றன, மேடு கட்டுகிறது. எண்ணூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் எப்படித் தூர்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். சாம்பலும் மணலும் ஒரே நாளில் அடைப்பதில்லை. வருடக்கணக்கில் படிகின்றன, ஒரு நாள் படகு போக முடியாது. ரத்தக்குழாயில் இன்னும் மோசம். படிந்த மேடு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, நிமிடங்களில் வழி அடைபடும். மூளையில் நடந்தால் பக்கவாதம், இதயத்தில் நடந்தால் மாரடைப்பு.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இவ்வகை நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான பகுப்பாய்வு சொல்கிறது.

அடைப்புக்கு வேறு பாதைகளும் உண்டு. எதிர்ப்புச் சக்தி சரிந்த நிலையில் வரும் காசநோய் மூளைச்சவ்வைத் தாக்கினால், மூளையின் அடிப்பகுதி ரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடும். மேகநோய் எனும் சிபிலிஸ், அக்கி அம்மையின் கிருமி, பூஞ்சைத் தொற்று ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அதனால்தான் எச்.ஐ.வி. உள்ள இளம் வயதினருக்கு வாதம் வந்தால், மருத்துவர் பி.பி., கொழுப்போடு நிறுத்தாமல் முதுகுத்தண்டு நீர் வரை பரிசோதிக்க நேரும்.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே 45 வயதுக்குட்பட்டோருக்கு வந்த பக்கவாதங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எச்.ஐ.வி.யுடன் தொடர்புடையவை. சிகிச்சையே எடுக்காதவர்களுக்கு ஆபத்து அதிகம். சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலும் ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. ஒடுங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி ஒரேயடியாக எழும்போது ரத்தக்குழாய்கள் அடிபடலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எதிர்ப்புச் சக்தி சரிவதற்கு முன்பே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இதில் நமக்கான பாடம்.

மருந்தை நிறுத்தினால்

'இத்தனை வருஷம் மாத்திரை சாப்பிட்டதால்தான் வாதம் வந்தது' என்று சிலர் நினைக்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் நிறைய ஆபத்தும் கலந்திருக்கின்றன.

பழைய மருந்துகளில் சில ரத்தக்குழாய்க்கு நல்லதல்ல. முதல் காலகட்டத்தில் தந்த ஸ்டாவுடின் கன்னக் கொழுப்பைக் கரைத்து, பார்த்தவுடன் ஊர் அடையாளம் கண்டுகொள்ளும்படி முகத்தை ஒட்டச் செய்தது. லோபினாவிர், ரிட்டோனாவிர் கூட்டு கொழுப்பை ஏற்றும். அபாகாவிர் மாரடைப்போடு தொடர்புபடுத்தப்பட்டது. இன்று பெரும்பாலானோர் எடுக்கும் டி.எல்.டி. எனும் கூட்டு மாத்திரை இவற்றைவிடப் பாதுகாப்பானது. அதிலுள்ள டோலுடெக்ராவிர் சிலருக்கு எடையைக் கூட்டும். அதைக் கண்காணிக்க வேண்டும்.

ஆனால் மருந்தை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 33 நாடுகளில் 5,472 பேரிடம் 'ஸ்மார்ட்' என்ற ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தொடர்ந்து மருந்து எடுத்தார்கள். மறு பிரிவினர் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்தால் மறுபடி தொடங்கினார்கள். இடைவெளி விட்டால் பக்கவிளைவு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. நிறுத்தியவர்களிடம் மரணமும் கூடியது, இதய, ரத்தக்குழாய் நோயும் கூடியது. 2006-ல் முடிவு வெளியானது. வைரஸ் மறுபடி தலைதூக்கும்போதெல்லாம் ரத்தக்குழாய் அடிவாங்குகிறது.

லோடு ஏற்றி வாரக்கணக்கில் வெளியூர் போகும் ஓட்டுநருக்கு இதை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மாத்திரை தீர்ந்தது, திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் விடும் பத்து நாள் சின்ன விஷயமல்ல. கிளம்பும் முன்பே மையத்தில் சொன்னால் கூடுதல் நாட்களுக்கு மாத்திரை கேட்டு வாங்க முடியும். போன ஊரின் மையத்தை அணுகவும் வழி உண்டு.

எண்ணூர் சேர்க்கும் சுமை

ரத்தக்குழாய் நோய்க்கு ஊரும் ஒரு காரணம். அனல்மின் நிலையங்கள், நிலக்கரிக் குவியல், சாம்பல் குளம், உரம், பெட்ரோலியம், இரவு பகலாக நகரும் டீசல் வண்டிகள் எல்லாம் ஒரே பகுதியில். 2023 டிசம்பரில் மட்டும் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மாதக் கடைசியில், 26-ம் தேதி நள்ளிரவையொட்டி, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து குப்பத்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அவை செய்தியாயின. தினமும் மூச்சில் போகும் நுண்தூசி செய்தியாவதில்லை. பி.எம். 2.5 எனும் அந்தத் துகள் நுரையீரலைக் கடந்து ரத்தத்தில் கலந்து, அதே உட்சுவரை, அதே அழற்சியால் தாக்குகிறது. ஏற்கெனவே கனன்றுகொண்டிருக்கும் இடத்தில் இது இன்னொரு கொள்ளி.

இதன்மேல் வேலை தரும் சுமை. ஷிப்ட் மாறி மாறிக் கெடும் தூக்கம், தூக்கத்தை விரட்டப் பீடி, ஹான்ஸ், உடம்பு வலிக்கு டாஸ்மாக், தொட்டுக்கொள்ள ஊறுகாய், கருவாடு. உப்பு பி.பி.யை ஏற்றுகிறது. புகை ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. மருந்து ஒழுங்காகக் கிடைக்கும் டென்மார்க்கில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் பறிக்கும் ஆயுள் சுமார் 12 வருடம், எச்.ஐ.வி. பறிப்பது சுமார் 5 வருடம் என்று கணக்கிட்டது. வைரஸுக்குப் பயந்து வாழ்கிறவர் பீடிக்கு இரண்டு மடங்கு பயப்பட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவரிடமிருந்து தொற்று வந்து, கணவரையும் இழந்து, மீன் கூடை தூக்கியோ வீட்டு வேலை செய்தோ பிள்ளைகளை வளர்த்தவர்கள் இப்போது மாதவிலக்கு நிற்கும் வயதில் இருக்கிறார்கள். அந்த வயதுக்குப் பிறகு பெண்ணுக்கும் ரத்தக்குழாய்ப் பாதுகாப்பு குறைகிறது. தலைச்சுற்றல், கை மரத்துப்போதல் என்று அவர் சொன்னால் 'வேலை அதிகம், ஓய்வெடு' என்ற பதிலோடு அனுப்பிவிடுகிறோம். ஒரு முறை பி.பி. பார்த்திருக்கலாம்.

ஒரு சின்ன மாத்திரை

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையான 7,769 எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் 'ரிப்ரீவ்' என்ற ஆய்வு நடந்தது. இவர்கள் ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள், இதயநோய் ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கணிக்கப்பட்டவர்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பெண். பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாட்டின் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்து, 2023 ஜூலையில் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. ஆயிரம் பேரில் ஒரு வருடத்துக்கு ஏழு பேர் சாய்ந்த இடத்தில் ஐந்து பேராகக் குறைந்தது. சிலருக்குத் தசைவலி வந்தது, சர்க்கரை நோய் சற்றுக் கூடியது.

அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2024-ல் இதை ஏற்றன. அடோர்வாஸ்டாட்டின் போன்ற, நம் மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டாட்டின்களும் அந்தப் பரிந்துரையில் உண்டு. ஆனால் நாமாக வாங்கிப் போடக் கூடாது. ரிட்டோனாவிர் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டினைத் தொடவே கூடாது. தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அளவைக் கவனித்துத் தர வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது உயிர் காக்கும் பழக்கம்.

இரண்டு வரிசை, ஒரே உடம்பு

ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு வரிசை. பி.பி., சர்க்கரைக்கு இன்னொரு நாள், இன்னொரு இடத்தில் இன்னொரு வரிசை. தினக்கூலிக்காரர் இரண்டு நாள் சம்பளத்தை விட முடியாது. அவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார், வைரஸ் மாத்திரையை. பி.பி. வலிக்காது, ஆகவே காத்திருக்கும் என்று நினைப்பார்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு பி.பி., சர்க்கரை போன்ற நோய்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 வழிகாட்டி சொல்கிறது. அந்த வரி ஒவ்வொரு மையத்தின் மேசைக்கும் வந்து சேர வேண்டும். மாத்திரை வாங்க வரும் அதே நாளில் பி.பி. பார்த்து, அதே ஜன்னலில் பி.பி. மாத்திரையும் தர வேண்டும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாதம் வந்து படுத்தவர்களுக்கு பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கிறது. ரகசியம் கெடாமல் இந்தத் திட்டத்தையும் ஏ.ஆர்.டி. மையத்தையும் இணைப்பது அரசால் முடியாத காரியமல்ல. லாரி நிறுத்தும் இடங்களில் ஆணுறைப் பெட்டியை வைத்த நாடு இது. அதன் பக்கத்தில் ஒரு பி.பி. கருவியையும் வைக்கலாம்.

வாதம் அடித்த நிமிடத்தில்

* முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தொய்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் கோளாறு, நிலைதடுமாற்றம். இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.
* கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவையுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு இந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது.
* சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போங்கள். எண்ணூரிலிருந்து ஸ்டான்லி தொலைவில் இல்லை. லாரி நெரிசலில் கழியும் நேரத்தையும் கணக்கில் வைத்து உடனே கிளம்புங்கள்.
* மாரடைப்புக்குத் தருவதுபோல் ஆஸ்பிரின் தராதீர்கள். மூளையில் ரத்தக் கசிவாக இருந்தால் அது கொல்லும். சோடா, காபி, எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் புரையேறும்.
* ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வந்து போனது எச்சரிக்கை.
* எச்.ஐ.வி. இருக்கிறது என்பதாலேயே உறைவைக் கரைக்கும் ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை.

ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சை மறுக்கக் கூடாது, யாரும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, சம்மதமின்றி அந்த நிலையை வெளியே சொல்லக் கூடாது. மீறினால் புகார் தர வழியும் தண்டனையும் உண்டு. ஆலோசனைக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

சட்டம் வந்தும் பயம் போகவில்லை. லேபிளைக் கிழிக்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாடகை, மகள் கல்யாணம், லாரி வேலை எல்லாம் அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் தொங்குகின்றன. ஊரெல்லாம் அறிய வேண்டியதில்லை. ஒருவர் போதும். மனைவியோ, மூத்த மகளோ, கூடப் பிறந்தவரோ, நம்பிக்கையான நண்பரோ. பேச்சு போன வேளையில் மருத்துவரைத் தனியே அழைத்து, 'இவர் இந்த மாத்திரை எடுக்கிறார்' என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அது தெரிந்தால்தான் மருத்துவர் காசநோயையும் சிபிலிஸையும் தேடுவார், மோதாத மருந்தைத் தேர்ந்தெடுப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நாட்களில் வைரஸ் மாத்திரையும் விடுபடாமல் இருக்கும்.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர் சுவராகக் கேட்டோம். கேட்டது வீண் போகவில்லை. ஆயிரமாயிரம் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், பிழைத்தார்கள். பிழைத்தவர் இன்று எண்ணூர் சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மாத்திரை வாங்க மாதா மாதம் நம் எதிரே வந்து நிற்கிறார். எடையைப் பார்க்கிறோம், மாத்திரையை எண்ணித் தருகிறோம். அத்தோடு அவரை அனுப்பிவிட வேண்டாம். சட்டைக் கையைக் கொஞ்சம் சுருட்டச் சொல்வோம். பி.பி. பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.